ஒயரை மாற்றினால் அப்பாவின் டோன் போய்விடுமா?

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு 27 வயது. ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் குடியிருக்கிறோம். என் அப்பா 70-களில் பெரம்பூர் பக்கம் கல்யாணம், கிறிஸ்துமஸ் டான்ஸ் என்று கிடார் வாசித்தவர். அவர் விட்டுப்போன, கண்ணாடி வால்வு வைத்த பழைய ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) ஒன்று பரணில் கிடந்தது. கம்பெனிப் பெயர் இல்லை. யாரோ உள்ளூர் மெக்கானிக் கட்டிக்கொடுத்தது என்று அம்மா சொல்கிறார். பெரிய வால்வு இரண்டு, இஎல் 34. சின்னது மூன்று, இசிசி 83. போன வாரம் இறக்கி, தூசி தட்டி, பிளக்கைச் சொருகிப் பார்த்தேன். பாடுகிறது. ஆனால் ஓயாமல் ஒரு ஊமை இரைச்சல். நடுநடுவே கடுகு பொரிவது போலச் சத்தம். பெட்டியை ஒரு பக்கம் தட்டினால் பாட்டு போய்ப் போய் வருகிறது. திறந்தால் உள்ளே துணி சுற்றிய ஒயர், ரப்பர் ஒயர், பிளாஸ்டிக் ஒயர் எல்லாம் கலந்து கிடக்கின்றன. விறைத்துப் போயிருக்கின்றன, சில இடத்தில் தொட்டாலே பொடிகிறது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு வெள்ளி ஒயர் போட்டால் சத்தம் கண்ணாடி மாதிரி ஆகும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். ஒயரைத் தொட்டால் அப்பாவின் டோனே போய்விடும் என்கிறான் நண்பன். எனக்கு சாலிடரிங் கொஞ்சம் வரும். என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, முதலில் ஒரு திட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாற்பது வருடம் பரணில் கிடந்த வால்வு ஆம்பை நேராக 230 வோல்ட்டில் சொருகக் கூடாது. உள்ளே மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் பெரிய எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்கள் பல வருடம் கரண்ட் பார்க்காமல் கிடந்தால் அவற்றின் உள்படலம் மெலிந்துவிடும். எடுத்த எடுப்பில் முழு வோல்ட்டேஜ் கொடுத்தால் சில சமயம் சூடேறி வெடிக்கும், கூடவே டிரான்ஸ்பார்மரையும் கொண்டுபோகும். உங்களுக்கு அப்படி ஆகவில்லை, நல்ல நேரம். இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரை மறுபடி சொருகாதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். எல்லா ஒயரையும் பிடுங்காதீர்கள். வெள்ளியும் வேண்டாம். அதற்காக ஒன்றையும் தொடக் கூடாது என்கிற உங்கள் நண்பர் சொல்வதும் சரியில்லை. பொடிந்த ஒயரை மாற்றித்தான் ஆக வேண்டும், அது உயிர் சம்பந்தப்பட்டது. எதை மாற்றுவது, எதை விடுவது, மாற்றினால் எப்படி மாற்றுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வெள்ளிக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். 0.3 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் ஒரு சாண் எடுத்து அளந்தால் அதன் தடை சுமார் 10 மில்லி ஓம். அதாவது ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு. வெள்ளி செம்பைவிட ஆறு சதவீதம் போல நன்றாகக் கடத்தும். ஆக நீங்கள் காசு கொடுத்து மிச்சப்படுத்துவது அரை மில்லி ஓம் சில்லறை. அந்த ஒயர் போய்ச் சேரும் இடத்தில், இசிசி 83-இன் பிளேட்டில், அதாவது பெரிதான சிக்னல் வெளியே வரும் தகட்டில், பெரும்பாலும் 1,00,000 ஓம் ரெசிஸ்டர் உட்கார்ந்திருக்கும். லட்சத்துக்கு எதிரே அரை மில்லி. எந்தக் காதுக்கும் இது கேட்காது. டெஃப்லான் ஒயருக்குள் வெள்ளிப் பூச்சு இருக்கிறதே என்று கேட்பீர்கள். டெஃப்லானைச் செம்பின் மேல் ஏற்றும் சூட்டில் ஈயமோ தகரமோ உருகி ஓடிவிடும், அதனால்தான் வெள்ளி பூசுகிறார்கள். ஒயர் செய்கிறவனுடைய வசதி அது, பாட்டுக்காகச் செய்தது இல்லை.

அப்படியானால் ஒயர் மாற்றிய பிறகு சத்தமே வேறாகிவிட்டது என்று இத்தனை பேர் சொல்கிறார்களே, பொய்யா? பொய் இல்லை. எனக்கே நடந்திருக்கிறது.

1985-இல் மூர் மார்க்கெட் எரிந்ததே, அதற்கு இரண்டு வருடம் முன்னால். நான் வண்ணாரப்பேட்டையில் ஒரு மைக் செட் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் போகும் வால்வு ஆம்ப்கள்தான் எங்கள் சோறு. ஒரு நாள் பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து ஒருவர் கிடார் ஆம்ப் கொண்டுவந்தார். உள்ளே கோழி கிளறிய குப்பை மாதிரி ஒயர்கள். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். என் கைத்திறமையைக் காட்டிவிடலாம் என்று எல்லா ஒயரையும் புதிதாகப் போட்டு, பக்கம் பக்கமாக நேர்கோட்டில் படுக்கவைத்து, மெழுகு நூலால் இரண்டு அங்குலத்துக்கு ஒரு முடிச்சு போட்டுக் கட்டினேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி அழகாக இருந்தது. ஆன் செய்தேன். நாய் ஊளையிடுவது போல ஒரு சத்தம். வால்யூமைக் குறைத்தாலும் நிற்கவில்லை, கிடாரைக் கழற்றினாலும் நிற்கவில்லை.

முதலாளி வந்தார், எட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிளக்கைப் பிடுங்கி, சார்ஜை இறக்கி, சட்டைப் பையிலிருந்து பாதி பிளேடு எடுத்து என் நூல் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அறுத்தார். இரண்டே இரண்டு ஒயரை மட்டும் விரலால் தள்ளிவிட்டார். ஒன்று முதல் வால்வின் கிரிட்டுக்கு, அதாவது சிக்னல் உள்ளே நுழையும் முனைக்குப் போவது, இன்னொன்று மூன்றாவது வால்வின் பிளேட்டிலிருந்து வருவது. மறுபடி ஆன் செய்தால் ஊளை போய்விட்டது. அந்த இரண்டும் முழ நீளத்துக்கு ஒட்டி உறவாடிக்கொண்டு போனதுதான் கோளாறு. நான் குப்பை என்று நினைத்ததைக் கட்டியவர் ஒரு கணக்கோடுதான் கட்டியிருக்கிறார்.

காரணம் எளிது. பக்கத்தில் பக்கத்தில் போகும் இரண்டு ஒயர் தாங்களே ஒரு குட்டிக் கண்டென்சர். இசிசி 83 ஒரு கட்டத்திலேயே சிக்னலை 50, 60 மடங்கு பெரிதாக்கும். ஒரே வால்வின் பிளேட் ஒயருக்கும் கிரிட் ஒயருக்கும் நடுவே வெறும் 1 பிக்கோ ஃபேரட் கூடினால், கிரிட் பக்கத்திலிருந்து பார்க்க அது 60 பிக்கோ போல நடந்துகொள்ளும். மேல்ஸ்தாயி மங்கும். இரண்டு மூன்று கட்டம் தாண்டிய ஒயர் முதல் கட்டத்தின் பக்கம் வந்தால் ஊளை. ஆக, ஒயர் மாற்றியவர்கள் கேட்ட வித்தியாசம் நிஜம். உலோகம் மாறியதால் வந்தது இல்லை, ஒயர் போகிற பாதை மாறியதால் வந்தது. அப்பாவின் டோன் என்று நீங்கள் சொல்வதில் ஒரு பங்கு அந்தப் பாதையிலும் இருக்கிறது. அதனால் மாற்றுகிற ஒவ்வொரு ஒயரையும் பழைய ஒயரின் அதே நீளத்தில், அதே வளைவில், அதே உயரத்தில் போடுங்கள். ஒரு ஒயரைக் கழற்றினால் அதன் இடத்தில் புதியதைப் போட்டு முடித்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டுப் படம் பார்த்துப் போடலாம் என்று இறங்கியவர்களின் ஆம்ப்கள் என் கடையில் அட்டைப் பெட்டியில் வந்திருக்கின்றன. கட்டரைத் தொடும் முன் நாலு பக்கமிருந்தும் போனில் படம் எடுத்துவிடுங்கள்.

இப்போது பயப்பட வேண்டிய பகுதி. இஎல் 34 இரண்டு ஓடும் ஆம்பில் 400 வோல்ட்டுக்கு மேல் டிசி இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கண்டென்சரில் தங்கும், சில பெட்டிகளில் மணிக்கணக்கில். மைக் செட் கடைகளில் ஸ்குரூடிரைவரை வைத்து சட்டென்று ஷார்ட் செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். கண்டென்சரின் கால் தெறிக்கும், சில சமயம் கண்ணுக்கு. ஒரு 10,000 ஓம் 10 வாட் ரெசிஸ்டரை எடுத்து, இரண்டு முனையிலும் முதலைக் கிளிப் வைத்த ஒயர் பற்றவைத்து, மேலே ஸ்லீவ் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கிளிப்பை சேசிஸில், அதாவது எல்லாம் பொருத்தியிருக்கும் உலோகத் தட்டில் மாட்டிவிட்டு, இடது கையைப் பேன்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, வலது கையால் இன்னொரு கிளிப்பைக் கண்டென்சரின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். பத்து விநாடி போதும். அப்புறம் மீட்டரை வைத்து 10 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டதா என்று பாருங்கள். பெட்டியில் இப்படிப் பெரிய கண்டென்சர் எத்தனை இருக்கிறதோ, அத்தனைக்கும். வேலை முடியும்வரை கிளிப் அங்கேயே இருக்கட்டும், ஏனென்றால் காலியான கண்டென்சரில் கொஞ்சம் வோல்ட்டேஜ் தானாக மீண்டு வரும். ஆன் செய்யும் முன் கழற்ற மறக்காதீர்கள்.

இந்தப் பத்தியைப் படிக்கும்போது வயிற்றைப் பிசைந்தால் நேர்மையாக ஒரு பழைய வால்வு ரேடியோ மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

செய்வேன் என்றால், முதலில் நோய் என்ன என்று பார்க்க வேண்டும். நீங்கள் சொல்லும் மூன்று தொல்லைக்கும் மூன்று தனித்தனிக் காரணம் இருக்கலாம்.

ஊமை இரைச்சல் இரண்டு வகை. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் ஒயரோ எர்த்தோ சரியில்லை என்றால் அந்த 50 ஹெர்ட்ஸே கேட்கும். பவர் சப்ளையின் கண்டென்சர் செத்திருந்தால் அது இரட்டிப்பாகி 100 ஹெர்ட்ஸாகக் கேட்கும். கையில் கிடார் இருந்தால் இதற்கு மீட்டரே தேவையில்லை. சரியாக டியூன் செய்த கிடாரில் தடித்த இ தந்தியின் மூன்றாவது பிரட், அதாவது ஜி, 98 ஹெர்ட்ஸ். இரைச்சல் அந்த சுரத்துக்கு ஒரு இழை மேலே நின்றால் கண்டென்சர். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, பேஸ் கிடாரில் தடித்த தந்தியின் மூன்றாவது பிரட் போல அடிவயிற்றில் உறுமினால் ஹீட்டர், எர்த் பக்கம் பாருங்கள். கண்டென்சர்தான் என்றால் ஒயரை என்ன மாற்றினாலும் இரைச்சல் போகாது. இத்தனை வயதான எலக்ட்ரோலைட்டிக்கை எப்படியும் மாற்றிவிடுவது நல்லது.

கடுகு பொரிகிற சத்தம் பெரும்பாலும் பழைய கார்பன் ரெசிஸ்டர், அதிலும் பிளேட்டில் இருக்கும் அந்த லட்சம் ஓம். அல்லது சாக்கெட்டின் பிடி தளர்ந்திருக்கும். ஒயராக இருக்க வாய்ப்பு குறைவு.

தட்டினால் போய் வருவது, டிரை சாலிடர், அதாவது சரியாக ஒட்டாத பற்றவைப்பு. இதைத் தேட நல்ல வழி: ஆம்ப் ஓடும்போது ஒரு அடி நீளமுள்ள நன்றாகக் காய்ந்த மூங்கில் குச்சியால் ஒவ்வொரு இணைப்பையும் மெல்லத் தட்டுவது. பென்சிலால் தட்டாதீர்கள், உள்ளே இருக்கும் கரி கரண்ட்டைக் கடத்தும். ஒரு கை பாக்கெட்டில், காலில் ரப்பர் செருப்பு, பக்கத்தில் சுவிட்சை அணைக்கத் தெரிந்த ஒரு ஆள். தட்டும்போது எந்தப் புள்ளியில் சத்தம் வெடிக்கிறதோ அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அணைத்து, சார்ஜை இறக்கிவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும்.

உங்கள் வீடு கடலுக்குப் பக்கத்தில். இது எனக்கு உங்கள் ஆம்பைப் பார்க்காமலே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. காசிமேட்டிலிருந்தும் ராயபுரத்திலிருந்தும் வருகிற பெட்டிகளில் ஒயரின் முனையில் அரை அங்குலம் உறையைச் சீவிப் பார்ப்பேன். உள்ளே செம்பு செம்பாக இருக்காது. மேலே பச்சைக் களிம்பு, அதற்கு அடியில் கறுப்பு. நகத்தால் சுரண்டினால் ஒரு இழை முறியும். அதில் சாலிடர் ஒட்டவே ஒட்டாது. இன்னும் ஒரு அங்குலம் சீவுங்கள். அங்கே பளபளவென்று இருந்தால் முனையை வெட்டிவிட்டு நல்ல பகுதியைப் பயன்படுத்தலாம். அங்கும் கறுப்பென்றால் அந்த ஒயர் போக வேண்டியதுதான். புதிதாக வாங்கும்போது ஈயம் பூசிய செம்பு இழை கேளுங்கள், வெறும் செம்பைவிட இந்தக் காற்றைத் தாங்கும். தனி வெள்ளி ஒயர் மோகம் இன்னும் விடவில்லை என்றால், வீட்டில் வெள்ளிக் கொலுசு எத்தனை நாளில் கறுக்கிறது என்று அம்மாவைக் கேட்டுப் பாருங்கள்.

இனி எதை மாற்றுவது என்று. ரப்பர் உறை ஒயர் எல்லாவற்றையும் மாற்றுங்கள், பொடிந்திருந்தாலும் பொடியாவிட்டாலும். ரப்பர் சூட்டில் வாழாது. துணி சுற்றிய ஒயர் விறைப்பாக இருப்பது குற்றம் இல்லை. உள்ளே செம்பு நன்றாக இருந்தால் அப்படியே விடுங்கள். பிளாஸ்டிக் ஒயர் வளைத்தால் வெடிக்கிறதா என்று பாருங்கள். வெடித்தால் மாற்றுங்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்: டிரான்ஸ்பார்மரிலிருந்து வெளியே வருகிற ஒயர்கள். அவை உள்ளே சுற்றோடு சேர்ந்தவை. அடியில் முறிந்தால் டிரான்ஸ்பார்மரையே பிரித்துச் சுற்ற வேண்டிவரும். உறை பொடிந்திருந்தால் முனையை மட்டும் கழற்றி, வளைக்காமல், ஃபைபர் கிளாஸ் ஸ்லீவை மேலே நகர்த்தி அடிவரைக்கும் ஏற்றிவிடுங்கள். அவுட்புட் டிரான்ஸ்பார்மரிலிருந்து இரண்டு இஎல் 34-க்கும் போகும் பிளேட் ஒயர்களில் எது எதற்கு என்று டேப் ஒட்டி எழுதிவையுங்கள். ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து பின்னால் ஒரு ஃபீட்பேக் ஒயர் போகிற ஆம்பாக இருந்து இந்த இரண்டும் இடம் மாறினால், ஆன் செய்ததும் வரும் அலறலில் தெருவே திரும்பிப் பார்க்கும்.

ஹீட்டர் ஒயரைக் கொஞ்சம் மதியுங்கள். எல்லோரும் 400 வோல்ட்டுக்குப் பயந்துவிட்டு 6.3 வோல்ட்டை அலட்சியம் செய்வார்கள். ஒரு இஎல் 34 ஹீட்டருக்கு 1.5 ஆம்பியர், ஒரு இசிசி 83-க்கு 0.3. உங்கள் பெட்டிக்கு மொத்தம் 3.9 ஆம்பியர். வழியில் ஒரு டிரை சாலிடர் 0.2 ஓம் காட்டினாலே முக்கால் வோல்ட் அங்கே சூடாகப் போய்விடும், வால்வுக்குக் கிடைப்பது 5.5 வோல்ட். வெள்ளி ஒயரில் அரை மில்லி ஓம் மிச்சம் பிடிக்கப் பார்த்தோமே, ஒரே ஒரு மோசமான இணைப்பு அதைப் போல 400 மடங்கு தின்கிறது. ஹீட்டருக்கு 0.75 அல்லது 1 சதுர மில்லிமீட்டர் போடுங்கள். இரண்டு ஒயரையும் கயிறு திரிப்பது போல இறுக்கமாக முறுக்கி, சேசிஸின் மூலையை ஒட்டிக் கொண்டுபோங்கள். கிரிட் ஒயரைத் தாண்ட வேண்டிய இடத்தில் குறுக்காகத் தாண்டட்டும், பக்கத்தில் படுக்க வேண்டாம். கட்டியவர் முறுக்காமல் விட்டிருந்தால், பழைய பாதை என்று நான் சொன்ன விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு.

மற்ற இடங்களுக்கு 0.3 முதல் 0.5 சதுர மில்லிமீட்டர் தாராளம். உறையில் 600 வோல்ட் என்று அச்சிட்டிருக்க வேண்டும். ரிச்சி தெருவில் கேட்டால் டெஃப்லான் ஒயர் மீட்டர் கணக்கில் கிடைக்கும். புதிதாகப் பழகுகிறவருக்கு நான் அதைத்தான் சொல்வேன், சாலிடரிங் அயர்ன் பட்டாலும் உறை பின்வாங்காது. ஆனால் கூர்மையான தகர விளிம்பில் அழுத்திக் கிடந்தால் நாளாவட்டத்தில் அந்த உறை நசுங்கி வழிவிடும், ஓட்டைகளில் ரப்பர் வளையம் (குரோமெட்) போடுங்கள். ஒயர்கள் வந்து சேரும் காதுகள் வைத்த பட்டையான டேக் ஸ்ட்ரிப்புக்குள் ஒற்றைக் கம்பி நல்லது, வளைத்தபடி நிற்கும். பேனலுக்கும் ஜாக்குக்கும் போகிறவை பல இழையாக இருக்கட்டும். ஸ்பீக்கர் அதிர்வில் ஒற்றைக் கம்பி கழுத்து முறியும்.

சாலிடர் வைப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. கொஞ்சம் வரும் என்கிறீர்கள். பலருடைய கொஞ்சத்தை நான் பார்த்திருக்கிறேன். முதலில் தலைக்கு மேல் ஓடும் ஃபேனை நிறுத்துங்கள். வியர்க்கும், பரவாயில்லை. ஃபேன் காற்றில் இணைப்பு பாதியில் உறைந்துபோகும், வெளியே அழகாகத் தெரியும், உள்ளே ஒட்டியிருக்காது. 63-க்கு 37 கலவை ஈயம் வாங்குங்கள். அது 183 டிகிரியில் சட்டென்று உருகிச் சட்டென்று உறையும், நடுவில் கூழாக நிற்காது. ரோசின் உள்ளே இருக்க வேண்டும். பைப் வேலைக்கு விற்கும் ஆசிட் பேஸ்ட்டைக் கிட்டே சேர்க்காதீர்கள். ஆறு மாதத்தில் கடல் காற்று செய்வதை அது ஆறு வாரத்தில் செய்துவிடும். பழைய ஈயத்தின் மேலேயே புதிய ஈயம் வைக்காமல், சக்கர் பம்ப்பால் உறிஞ்சிவிட்டு டேகைப் பளபளப்பாக்குங்கள். ஒயரை டேகின் காதில் ஒரு கொக்கி போட்டு, சாலிடர் இல்லாமலே நிற்கிற மாதிரி நெரித்துவிடுங்கள். அயர்னை ஒரு பக்கம் வைத்து, ஈயத்தை எதிர்ப்பக்கம் தொடுங்கள். டேகின் சூட்டில் ஈயம் உருக வேண்டுமே தவிர அயர்னின் சூட்டில் இல்லை. தோசைக்கல்லில் எண்ணெய் பரவுவது போலப் பரவினால் ஒட்டிவிட்டது. தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நின்றால் ஒட்டவில்லை, எடுத்துவிட்டு மறுபடி செய்யுங்கள். 25 வாட் அயர்ன் இதற்குப் போதும். சேசிஸில் எர்த் வைக்க மட்டும் 60 வாட்டுக்கு மேல் வேண்டும், தகரம் சூட்டைத் தின்றுவிடும். வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள், ஈயம்.

சாக்கெட்டுகளை ஒயரோடு சேர்த்தே பார்த்துவிடுங்கள். இஎல் 34 சாக்கெட்டில் 3-ஆம் பின்னில் முழு வோல்ட்டேஜ், பக்கத்திலேயே 2-ஆம் பின்னில் ஹீட்டர். இரண்டுக்கும் நடுவே பேக்கலைட்டில் கறுப்பாக ஒரு கோடு விழுந்திருந்தால் அங்கே பொறி ஓடியிருக்கிறது. சுரண்டிப் பயனில்லை, பீங்கான் சாக்கெட் போடுங்கள். மற்றபடி பிடி தளர்ந்தவற்றைத் தையல் ஊசியால் உள்பக்கம் நெம்பி இறுக்கலாம். டேக் ஸ்ட்ரிப்பில் நாற்பது வருடத் தூசியும் உப்பும் சேர்ந்த பிசுக்கு இருக்கும். ஈரக் காற்றில் அதுவே கரண்ட் கடத்தும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பிரஷை நனைத்துத் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் காயவிடுங்கள். சின்ன வால்வுகளில் பிஇஎல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) என்று அச்சு இருந்தால் அவை பெங்களூரில் செய்த காலத்துச் சரக்கு. நல்ல வால்வு, இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் புதியதற்காகத் தூக்கிப் போடாதீர்கள்.

பிளக் எத்தனை பின் என்று நீங்கள் எழுதவில்லை. அந்தக் காலத்துப் பெட்டி என்றால் இரண்டு பின்னாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதை முதல் வேலையாக மாற்றுங்கள். கிடாரின் தந்தி ஜாக் வழியாக சேசிஸோடு சேர்ந்தது. சேசிஸில் கரண்ட் கசிந்தால் உங்கள் விரலில் கசிகிறது. மைக்கில் உதடு பட்டால் அங்கே முடிகிறது. மூன்று கோர் ஒயர் போட்டு, பச்சை ஒயரை டிரான்ஸ்பார்மர் போல்ட்டோடு சேர்க்காமல் தனி போல்ட்டில், பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, பல் வாஷர் வைத்து இறுக்குங்கள். மற்ற இரண்டையும்விட அது ஒரு அங்குலம் நீளமாக இருக்கட்டும். யாராவது ஒயரைப் பிடித்து இழுத்தால் கடைசியாகப் பிடுங்கிக்கொள்வது எர்த்தாக இருக்க வேண்டும். மெயின்ஸிலிருந்து சேசிஸுக்கு நேராக ஒரு கண்டென்சர் போட்டிருந்தால் அதை வெட்டி எடுத்துவிடுங்கள், திரும்பப் போட வேண்டாம். இரைச்சலைக் குறைக்க எர்த் பின்னைக் கழற்றச் சொல்லும் புத்திசாலிகள் எல்லாத் தெருவிலும் உண்டு. காதில் வாங்காதீர்கள்.

எல்லாம் முடிந்து ஆன் செய்யும் நாளில், எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும், ஒரு பல்பு வழியாகக் கரண்ட் கொடுக்கும் சீரிஸ் போர்டு ஒன்றைக் கடன் வாங்குங்கள். அதில் 100 வாட் குண்டு பல்பு. எல்இடி உதவாது, குண்டு பல்பு தேடுவதுதான் இப்போது பெரிய வேலை. வால்வுகளைக் கழற்றிவிட்டு முதலில் சொருகுங்கள். பல்பு ஒரு நொடி மின்னி மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் எங்கோ ஷார்ட், உடனே அணையுங்கள். அப்புறம் வால்வுகளைப் போட்டு, ஸ்பீக்கரை மாட்டிவிட்டு ஆன் செய்யுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும், டிரான்சிஸ்டர் ஆம்ப் மாதிரி இது பொறுத்துக்கொள்ளாது. இஎல் 34-இன் 5-ஆம் பின்னை மீட்டரில் பாருங்கள். மைனஸ் காட்டலாம், ஆம்பின் வகையைப் பொறுத்துப் பூஜ்யம் காட்டலாம். பிளஸ் காட்டினால் அதற்கு முன்னால் இருந்து சிக்னலை மட்டும் விட வேண்டிய கப்ளிங் கண்டென்சர் டிசியையும் ஒழுகவிடுகிறது. மாற்றாமல் ஓட்டினால் வால்வின் தகடு சிவந்து பழுக்கும்.

ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். முதல் ஞாயிறு பிளக்கும் எர்த்தும், அடுத்த ஞாயிறு பெரிய கண்டென்சர்களும் ஹீட்டர் ஒயரும். அந்த இரண்டும் முடிந்ததும் சீரிஸ் போர்டில் சோதித்துவிட்டு, ஆம்பை ஓடவிட்டு, ஆறாவது தந்தியின் மூன்றாவது பிரட்டை அழுத்தி மீட்டுங்கள். இரைச்சல் மிச்சம் இருந்தால் அது ஜி-க்கு மேலேயா, ஒரு ஸ்தாயி கீழேயா என்று எனக்கு எழுதுங்கள். சேசிஸின் உள்பக்கப் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள், எந்த ஒயரை அடுத்துத் தொடுவது என்று படத்திலேயே வட்டம் போட்டுத் தருகிறேன்.